இரத்தப் பரிசோதனையில் 'நோர்மல்' என்பது யாருடைய அளவு?

ஒன்ராறியோவில் இரத்தம் கொடுத்த ஓரிரு நாளிலேயே, பல வேளைகளில் குடும்ப வைத்தியர் பார்ப்பதற்கு முன்பே, பெறுபேறு எங்கள் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. ஒரு பக்கம் பரிசோதனையின் பெயர், அதன் பக்கத்தில் எங்கள் எண், அதற்கும் பக்கத்தில் 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று இரண்டு எண்கள். எங்கள் எண் அந்த இரண்டுக்கும் வெளியே போயிருந்தால் சிவப்பிலோ தடித்த எழுத்திலோ ஓர் அடையாளம் இருக்கும். அடையாளம் இருந்தால் வீட்டில் பயம். இல்லாவிட்டால் 'எல்லாம் நோர்மலாம்' என்று நிம்மதி.

அந்தப் பயமும் பிழையாக இருக்கலாம், அந்த நிம்மதியும் பிழையாக இருக்கலாம். காரணம், அந்த இரண்டு எண்களும் இயற்கை வகுத்த எல்லைகள் அல்ல. யாரோ சிலரின் இரத்தத்தை எடுத்து, அளந்து, கணக்குப் போட்டு மனிதர்கள் தீர்மானித்த எல்லைகள் அவை. யாருடைய இரத்தம், எத்தனை பேருடையது, என்ன கணக்கு என்பவற்றைப் பொறுத்து எல்லை மாறும். 2024 செப்டெம்பரில் இதே ஒன்ராறியோவில் ஒரு பரிசோதனையின் எல்லை மாற்றப்பட்டபோது, முதல் நாள் வரை 'நோர்மல்' என்று சொல்லப்பட்டிருந்த பல பெண்கள் மறுநாள் குறைபாடுள்ளவர்களாகக் கணிக்கப்பட வேண்டியிருந்தது. அவர்களுடைய உடம்பில் எதுவும் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் அளவுகோல் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம்.

எல்லை எப்படி வகுக்கப்படுகிறது?

நலமானவர்கள் என்று கருதப்படும் ஒரு தொகுதி மக்களைத் தெரிவு செய்கிறார்கள். அவர்களுடைய இரத்தத்தில் ஒரு பொருளின் அளவை, உதாரணமாக சோடியத்தை, அளக்கிறார்கள். கிடைத்த எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்துகிறார்கள். கீழ்முனையில் இரண்டரை வீதத்தையும் மேல்முனையில் இரண்டரை வீதத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் எஞ்சும் 95 வீதத்தினர் அடங்கும் பகுதியை வரம்பாக அறிவிக்கிறார்கள். உலகெங்கும் பெரும்பாலான பரிசோதனைகளின் வரம்பு இப்படித்தான் பிறக்கிறது.

இந்த வரம்பை முன்னர் 'நோர்மல் அளவு' என்றே அழைத்தார்கள். அந்தச் சொல் நோயாளியையும் வைத்தியரையும் ஏமாற்றுகிறது என்று கண்டு, 1969 இல் பின்லாந்தைச் சேர்ந்த ரால்ஃப் கிராஸ்பெக், நில்ஸ்-எரிக் சாரிஸ் என்ற இருவர் அதற்கு வேறு பெயர் சூட்டினார்கள். தமிழில் அதை 'ஒப்பீட்டு வரம்பு' எனலாம். 'இந்தத் தொகுதி மக்களோடு ஒப்பிட்டால் நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்' என்பது மட்டுமே அதன் பொருள். நீங்கள் நலமா இல்லையா என்று அது சொல்வதில்லை. அந்தப் பெயர் சூட்டப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் பேச்சில் 'நோர்மல்' இன்னும் மாறவில்லை.

இருபது பரிசோதனை செய்தால்

மேலே சொன்ன கணக்கைக் கவனித்தால் ஒன்று உடனே புலப்படும். நூறு நலமான மனிதர்களில் ஐந்து பேர் வரம்புக்கு வெளியே நின்றே ஆகவேண்டும். அவர்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. நாங்கள்தான் இரு முனைகளையும் வெட்டினோம்.

ஒரு பரிசோதனைக்கு ஐந்து வீதம் என்பது சிறிய எண். ஆனால் இங்கே யாரும் ஒரு பரிசோதனையோடு நிற்பதில்லை. வருடாந்தச் சோதனை என்று போனால் படிவத்தில் இருபது பெட்டிகளில் சரி அடையாளம் விழுகிறது. முற்றிலும் நலமான ஒருவர் இருபது பரிசோதனைகளிலும் வரம்புக்குள் நிற்பதற்கான வாய்ப்பு, 0.95 ஐ இருபது தடவை பெருக்கினால் வருவது. விடை ஏறத்தாழ 36 வீதம். அதாவது, நலமான நூறு பேரில் 64 பேருக்கு ஏதாவது ஓர் இடத்திலாவது சிவப்பு அடையாளம் விழும். நடைமுறையில் பல பரிசோதனைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் இந்த எண் சற்றுக் குறையும். ஆனாலும் நிறையப் பரிசோதனை செய்தால் நலமானவரிலும் ஏதோ ஒன்று 'பிழைக்கும்' என்ற உண்மை மாறாது.

ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு 'எல்லாத்தையும் ஒருக்கால் செக் பண்ணிவிடுங்கோ' என்று வைத்தியரிடம் கேட்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. வரம்பைச் சற்றே தாண்டிய ஓர் எண்ணுக்காக மறுபரிசோதனை, அதன் பிறகு ஸ்கான், அதன் பிறகு நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பு என்று போய், கடைசியில் 'ஒன்றுமில்லை' என்று முடியலாம். அத்தனை மாதமும் அந்த வயதானவர் தனக்கு ஏதோ பெரிய வருத்தம் என்றே நம்பி நாளைக் கழித்திருப்பார்.

மூன்றாவது மனிதர்

இந்த 95 வீத வரம்பை வகுக்க எத்தனை பேர் வேண்டும்? ஆய்வுகூடங்கள் பின்பற்றும் சர்வதேச வழிகாட்டல் ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தது 120 பேர் என்கிறது. பெரிய எண் போலத் தெரியலாம். ஆனால் 120 பேரை வரிசையில் நிறுத்தி இரண்டரை வீதத்தை வெட்டினால், கீழிருந்து மூன்றாவது மனிதரின் எண்ணே கீழ் எல்லையாகிறது. மேலிருந்து மூன்றாவது மனிதரின் எண்ணே மேல் எல்லை. அந்த ஒருவர் அன்று பட்டினி கிடந்திருந்தால், முதல் நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தால், தனக்கே தெரியாத ஒரு வருத்தம் அவருக்கு இருந்திருந்தால், எல்லை நகர்ந்துவிடும். இலட்சக்கணக்கானவர்களின் அறிக்கையில் அச்சாகும் எண் அத்தகையவர்களின் மேல் நிற்கிறது.

ஆள் குறைவாக இருக்கும்போது சிலர் குறுக்கு வழி ஒன்றை எடுப்பதுண்டு. சராசரியைக் கண்டு, அதிலிருந்து இரண்டு மடங்கு நியம விலகலைக் கூட்டியும் கழித்தும் வரம்பு போடுவது அது. எண்கள் சராசரியின் இருபுறமும் சமமாகப் பரவியிருந்தால் இது சரிவரும். இரத்தத்தில் உள்ள பல பொருட்கள் அப்படிப் பரவுவதில்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பத்துப் பெண்களின் இரும்புச் சேமிப்பு அளவுகள் 8, 12, 15, 20, 25, 30, 40, 60, 90, 200 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50. ஆனால் பத்துப் பேரில் ஏழு பேர் அந்தச் சராசரிக்குக் கீழே நிற்கிறார்கள். 200 என்ற ஒருவர் அதை மேலே இழுத்துவிட்டார். நியம விலகல் 58 அளவில் வரும். இரண்டு மடங்கைக் கழித்தால் கீழ் எல்லை பூச்சியத்துக்கும் கீழே, மறை 67 ஆகிறது. இரத்தத்தில் எதுவும் மறை எண்ணாக இருக்க முடியாது. இந்தக் கணக்கின்படி எந்தப் பெண்ணுக்கும், எவ்வளவு குறைந்தாலும், குறைபாடே வராது!

நலமானவர் என்று யாரைச் சொன்னோம்?

இப்போது 2024 செப்டெம்பர் கதைக்கு வருவோம். அந்தப் பரிசோதனையின் பெயர் பெரிற்றின். உடம்பில் எவ்வளவு இரும்பு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது. ஹீமோகுளோபின் என்பது பணப்பையில் உள்ள காசு என்றால், பெரிற்றின் வங்கியில் உள்ள காசு. வங்கி முதலில் வற்றும்; பணப்பை கடைசியில்தான் வெறுமையாகும். ஆகவே ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புக் குறைபாடு தொடங்கியிருக்கலாம். களைப்பு, மூச்சு வாங்கல், முடி கொட்டுதல், தலைச்சுற்று, இரவில் கால் நிலைகொள்ளாத அவதி, எதிலும் கவனம் நிற்காமை எல்லாம் அப்போதே வரலாம்.

பெரிற்றினுக்கு வரம்பு வகுத்தபோது வழமையான முறையையே கையாண்டார்கள். 'நலமான' பெண்களைத் தெரிவு செய்து, அவர்களுடைய அளவுகளின் நடு 95 வீதத்தை எடுத்தார்கள். ஆனால் மாதவிடாய் வரும் வயதிலுள்ள பெண்களிடையே இரும்புக் குறைபாடு மிகப் பரவலானது. தங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை என்று சொல்லி வரிசையில் நின்ற பெண்களில் கணிசமானோர் உண்மையில் இரும்பு குறைந்தவர்கள். குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்து 'நலமானவர்' என்று எண்ணினால், குறைபாடு வரம்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பல ஆய்வுகூடங்களின் அறிக்கைகளில் பெண்களுக்கான கீழ் எல்லை லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தது. ஆண்களுக்கான எல்லையோ அதைவிட உயர்ந்து நின்றது. பெண்ணின் எலும்பு மச்சைக்கு இரும்பு குறைவாகப் போதும் என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. நிறையப் பெண்களுக்குக் குறைவாக இருக்கிறது என்பதை, பெண்களுக்குக் குறைவாக இருப்பதே இயல்பு என்று மாற்றி எழுதிவிட்டது அந்தக் கணக்கு.

சரியான எல்லையைக் காண வேறு வழி உண்டு. எலும்பு மச்சையில் இரும்பு உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று நேரடியாகப் பார்த்து, அப்போது பெரிற்றின் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிடுவது அது. 1998 இல் வெளியான அத்தகைய ஆய்வொன்றில், 12 என்ற எல்லை இரும்புக் குறைபாடு உள்ளவர்களில் நால்வரில் ஒருவரை மட்டுமே பிடித்தது. 30 என்ற எல்லை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிடித்தது. நலமானவர்களைத் தவறாகக் குறிக்கும் வீதம் அதனால் கூடவும் இல்லை.

இதை ஒன்ராறியோவில் மாற்றுவதற்கு முன்னின்றவர்கள் ரொறன்ரோ சென் மைக்கேல்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த இரத்தவியல் வைத்தியர்கள். மிஷேல் ஷோல்ஸ்பேர்க் என்ற நிபுணரின் பெயர் அதில் முக்கியமானது. அவர்களின் குழு ஒன்ராறியோவில் 44,552 கர்ப்பிணிகளின் பரிசோதனைத் தரவுகளை ஆராய்ந்து 2021 இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. அவர்களில் ஏறத்தாழ அறுபது வீதமானோருக்கே பெரிற்றின் பார்க்கப்பட்டிருந்தது. பார்க்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 30 என்ற எல்லையின்படி, இரும்புக் குறைபாடு. வருமானம் குறைந்த பகுதிகளில் வசித்த பெண்களுக்குப் பரிசோதனை செய்யப்பட்ட வாய்ப்பும் குறைவு.

இந்த முயற்சிகளின் பின்னரே, 2024 செப்டெம்பரில் மாகாணத்தின் பெரிய சமூக ஆய்வுகூடங்கள் பெரிற்றின் கீழ் எல்லையை வயது வந்தோருக்கு 30 ஆகவும் சிறுவருக்கு 20 ஆகவும் உயர்த்தின. உங்கள் வீட்டில் யாராவது பெண் 'எனக்கு எப்ப பார்த்தாலும் களைப்பு, ஆனால் இரத்தம் நோர்மலாம்' என்று சில வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பழைய அறிக்கைகளை எடுத்துப் பெரிற்றின் எண்ணைப் பாருங்கள். அடையாளத்தைப் பார்க்க வேண்டாம், எண்ணைப் பாருங்கள். 14, 18, 22 என்று இருந்தால் அடுத்த முறை வைத்தியரோடு பேச அது போதிய காரணம். வேலையும் வீடும் பிள்ளைகளும் என்று ஓடும் எங்கள் பெண்களின் களைப்புக்கு 'கவலை', 'தூக்கமின்மை', 'குளிர்' என்று எத்தனையோ காரணம் சொல்லியிருப்போம். அவற்றில் ஒரு பங்கு, குளிசையால் தீரக்கூடிய இரும்புக் குறைபாடாக இருந்திருக்கலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தொற்று, மூட்டுவாதம், ஈரல் கொழுப்பு போன்றவை இருந்தால் பெரிற்றின் செயற்கையாக உயரும். அப்போது 60 என்பதும் குறைபாட்டை மறைத்து நிற்கலாம். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் குளிசையோடு நிறுத்தாமல், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரத்த அணுக்கள் சிறிதாக இருந்தும் பெரிற்றின் நன்றாக இருந்தால், அது பெற்றோர் வழி வரும் தலசீமியாக் கூறாக இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு தேவையில்லை. ஆகவே பரிசோதனை இல்லாமல் தாங்களாகவே இரும்புக் குளிசை வாங்கிப் போடுவது சரியல்ல. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் எங்கள் பழக்கத்தைச் சற்றுத் தள்ளிவைப்பதை மட்டும் யாரும் செய்யலாம். தேயிலை, உணவிலுள்ள இரும்பை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கும்.

எல்லை மேலே ஏறினாலும் பிழைதான்

பெரிற்றினில் எல்லை அளவுக்கு மீறிக் கீழே இருந்தது. விற்றமின் டி யில் நேர்மாறானது நடந்தது. 2011 இல் அமெரிக்க மருத்துவ நிறுவகத்தின் நிபுணர் குழு, இரத்தத்தில் லீற்றருக்கு 50 நனோமோல் இருந்தால் அது ஏறத்தாழ எல்லோருடைய தேவைக்கும் போதும் என்று கணித்தது. பாதிப் பேருக்கு 40 அளவிலேயே போதும். அதாவது 50 என்பது தேவை மிகக் கூடியவரையும் சேர்த்து வைத்த பாதுகாப்பான அளவு. ஆனால் பலர் அதை 'இதற்குக் கீழே இருந்தால் குறைபாடு' என்று வாசித்தார்கள். இன்னும் சிலர் 75 ஐ எல்லையாக வைத்தார்கள். அப்படி வைத்தால் கனடிய மாரிகாலத்தில் வாழும் மண்ணிறத் தோலுடைய நாங்கள் பெரும்பாலும் நோயாளிகள்தான். அந்தக் குழுவில் இருந்தவர்களே 2016 இல், இந்தப் பிழையான வாசிப்பால்தான் விற்றமின் டி குறைபாடு ஒரு கொள்ளைநோய் போலக் காட்டப்படுகிறது என்று எழுத வேண்டியதாயிற்று. ஒன்ராறியோ அரசு 2010 டிசம்பர் முதல், எலும்புத் தேய்வு, சிறுநீரக நோய் போன்ற குறிப்பிட்ட நிலைகள் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தப் பரிசோதனையின் செலவை ஏற்கிறது. மற்றவர்கள் சொந்தக் காசு கொடுக்க வேண்டும்.

கொலஸ்ரரோல், சீனி என்பவற்றின் எல்லைகள் வேறு வகை. இவற்றில் 95 வீதக் கணக்கு கைவிடப்பட்டுவிட்டது. வட அமெரிக்கர்களின் கொலஸ்ரரோலை அளந்து நடு 95 வீதத்தை எடுத்தால், மாரடைப்பை நோக்கிப் போகும் பலரும் வரம்புக்குள் அடங்கிவிடுவார்கள். ஆகவே எந்த அளவுக்கு மேல் வருத்தம் கூடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து எல்லை வைத்தார்கள். இவை தீர்மான எல்லைகள். வெறுவயிற்றில் சீனி 7.0 மில்லிமோல், ஏ1சி 6.5 வீதம் என்ற நீரிழிவு எல்லைகள், கண்ணின் விழித்திரையில் சேதம் தோன்றும் இடத்தை வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. உங்கள் அறிக்கையில் ஒரே மாதிரி அச்சாகியிருக்கும் எண்களில் சில 'மற்றவர்கள் இப்படி இருக்கிறார்கள்' என்றும், வேறு சில 'இதற்கு மேல் ஆபத்து' என்றும் சொல்கின்றன.

பிள்ளைகளும் முதியவர்களும்

பெரியவர்களின் வரம்பைப் பிள்ளைகளுக்குப் போட்டால் பிழைக்கும். வளரும் பையன்களின் எலும்பிலிருந்து வெளிவரும் அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியம் பெரியவர்களைவிடப் பல மடங்கு உயரும். பெரியவரின் வரம்பில் அது ஈரல் வருத்தம் போலத் தெரியும். ஆனால் நலமான பிள்ளைகளிடமிருந்து ஒவ்வொரு வயதுக்கும் 120 பேர் என்று இரத்தம் எடுப்பது எளிதல்ல. எந்தத் தாய்தான் வருத்தமில்லாத பிள்ளையின் கையில் ஊசி குத்தச் சம்மதிப்பாள்?

இந்த இடைவெளியை நிரப்பும் பெரிய முயற்சி ரொறன்ரோவிலேயே நடந்தது. சிக்கிட்ஸ் சிறுவர் வைத்தியசாலையில் கொஸ்ரோ அடேலி தலைமையில் 'கலிப்பர்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இந்த நகரைச் சுற்றியுள்ள சமூகங்களில் நலமான பிள்ளைகளைத் தேடி இரத்தம் பெற்றார்கள். 2012 இல் 2,188 பிள்ளைகளின் இரத்தத்தில் 40 பொருட்களை அளந்து வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக வரம்புகளை வெளியிட்டார்கள். பல இனப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். தெற்காசியப் பிள்ளைகளும் தனிப் பிரிவாகப் பார்க்கப்பட்டார்கள். பெரும்பாலான பொருட்களில் இனத்தால் பெரிய வேறுபாடு இல்லை, விற்றமின் டி போன்ற சிலவற்றில் மட்டும் உண்டு என்பது அவர்களின் பின்னைய ஆய்வுகளில் தெரிந்தது.

மறு அந்தத்தில் எங்கள் அம்மம்மா, அப்பப்பாக்கள். தைரொயிட்டைக் காட்டும் ரிஎஸ்எச் வயதோடு இயல்பாகவே ஏறும். வழமையான மேல் எல்லை 4.5 அளவில் இருக்கும்போது, எண்பது வயதைத் தாண்டிய நலமான அமெரிக்கர்களின் மேல் எல்லை 7.5 வரை போவதாக 2007 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எண்பத்திரண்டு வயதுப் பாட்டிக்கு 5.8 என்று சிவப்பு விழுந்தால், அது அவருடைய வயதுக்குச் சாதாரணமாகவே இருக்கலாம். தேவையில்லாமல் தைரொயிட் குளிசை கூடினால் முதியவர்களின் இதயத் துடிப்பு தடுமாறும், எலும்பு தேயும்.

எங்களுக்கென்று தனி எல்லை வேண்டுமா?

வேண்டும் என்று சொல்ல ஒரு பலமான சான்று இந்த மாகாணத்திலேயே உண்டு. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 30 ஐத் தாண்டினால் உடற்பருமன் என்பது வெள்ளையரை வைத்து வந்த எல்லை. ஒன்ராறியோவில் ஏறத்தாழ அறுபதாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்து 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, பிஎம்ஐ 30 உள்ள வெள்ளையர் ஒருவருக்கு இருக்கும் நீரிழிவு ஆபத்து, தெற்காசியருக்கு 24 இலேயே வந்துவிடுகிறது. ஐந்தடி ஐந்து அங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு இது எடையில் 82 கிலோவுக்கும் 65 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட நடு வயது வெள்ளையரில் 58, தெற்காசியரில் 49. 'ஆள் மெல்லிசுதானே, சீனி வராது' என்று எங்கள் சனம் நம்புவது இந்த எண்களின் முன் நிற்காது.

ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு எல்லை என்று போவதிலும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கிரியற்றினினை வைத்துக் கணக்கிடும் சூத்திரத்தில், 1999 முதல் கறுப்பினத்தவர் என்றால் விடையை உயர்த்திக் காட்டும் ஒரு பெருக்கெண் இருந்தது. அதனால் அவர்களுடைய சிறுநீரகங்கள் உள்ளதைவிட நலமாகத் தெரிந்தன. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் சிலர் பிந்திச் சேர நேர்ந்தது. 2021 இல் இனத்தை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. தனி எல்லை, அந்த மக்களுக்கு எந்த அளவில் வருத்தம் வருகிறது என்று பார்த்து வைக்கப்பட்டதாக இருந்தால் பயன். அந்த மக்கள் சராசரியாக எப்படி இருக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து வகுத்தால், பெரிற்றினில் பெண்களுக்கு நேர்ந்ததே அந்த இனத்துக்கும் நேரும். அத்தோடு 'தெற்காசியர்' என்ற பெட்டிக்குள் பஞ்சாபியும் வங்காளியும் யாழ்ப்பாணத்தவரும் மலையகத்தவரும் ஒன்றாகவே அடங்குகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

உங்களுக்கு நீங்களே அளவுகோல்

எந்த மக்கள் தொகுதியையும்விட உங்களோடு நெருங்கிய ஒப்பீடு ஒன்று உண்டு. அது சென்ற வருடத்து நீங்கள். ஒரு பரிசோதனையின் வரம்பு 50 முதல் 100 வரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண்மணியின் கிரியற்றினின் பல வருடங்களாக 55. இந்த வருடம் 85. இரண்டும் வரம்புக்குள். அடையாளம் எதுவும் விழாது. ஆனால் பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. அவருடைய சிறுநீரகம் கணிசமான வேலைத்திறனை இழந்திருக்கலாம். இன்னொருவருக்குப் பல வருடங்களாகவே 103. அடையாளம் ஒவ்வொரு முறையும் விழும். ஆனால் அது அவருடைய வழமையாக இருக்கலாம்.

ஆகவே பழைய அறிக்கைகளை எறியாதீர்கள். நாடு விட்டு நாடு வந்த எங்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கொழும்பிலோ சென்னையிலோ செய்த பரிசோதனையும் இங்கு செய்ததும் வேறு வேறு அலகில் இருக்கும். அங்கே சீனி 126 என்றால் இங்கே அது 7.0, பதினெட்டால் வகுக்க வேண்டும். கொலஸ்ரரோலை ஏறத்தாழ 38.7 ஆல் வகுக்க வேண்டும். அங்கத்தைய கிரியற்றினின் 1.0 இங்கே 88. ஹீமோகுளோபின் அங்கே 12 என்றால் இங்கே 120. ஊருக்குப் போய் வந்தவர்கள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து 'ஏறிப்போச்சு' என்றோ 'இறங்கிப்போச்சு' என்றோ முடிவெடுக்குமுன் அலகைப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை பெறுபேற்றோடு வைத்தியரிடம் போகும்போது சில கேள்விகளைக் கேட்கலாம். இந்த எண் என்னுடைய முந்திய எண்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது? இந்த எல்லை மற்றவர்களோடு ஒப்பிடுவதா, ஆபத்தைச் சொல்வதா? என் வயதுக்கும் இது பொருந்துமா? மருந்து தொடங்குமுன் இன்னொரு தடவை பார்க்கலாமா? எண் வரம்புக்குள் இருந்தும் எனக்கு இந்தக் களைப்பு ஏன்? ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோரோடு போகும் பிள்ளைகள் இவற்றை அவர்களுக்காகக் கேளுங்கள். களைப்பு என்ன மாதிரி, எப்போது தொடங்கியது என்பதை அவர்களே தமிழில் சொல்லட்டும். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். அதைச் சொல்ல ஆய்வுகூடத் தாளில் இடமில்லை.